செஞ்சானா, இல்லியா?

அம்மாவுக்கு சீரியல்கள் அலுத்துவிட்டன. இப்போதெல்லாம் ஹாட்ஸ்டாரில் தமிழ் டப்பிங் இருக்கிற எதையும் பார்க்கிறார். அப்படித்தான் ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ மூன்றாம் பருவம் கோவில்பத்து வீட்டுக் கூடத்தில் ஓட ஆரம்பித்தது. நான் ஒரு காதை ஆபீஸ் காலுக்கும் இன்னொரு காதைத் தொடருக்கும் கொடுத்துவிட்டு லேப்டாப்போடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது எபிசோடிலேயே அம்மா கேட்டுவிட்டார்:

“நீதான் நெட்ல எல்லாத்தையும் படிச்சிருப்பியே. அந்தப் புள்ள செஞ்சானா இல்லியா, அத மட்டும் சொல்லிடு. செய்யலன்னா உக்காந்து பாக்குறேன்.”

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், எங்கள் தெருவே 2017-ல் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தொடர். முடிவைச் சொல்லாமல் எழுத முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

பிபிசி-க்காக பீட்டர் மோஃபாட் எழுதிய ஆங்கிலத் தொடரை இந்திக்குக் கொண்டுவந்ததுதான் ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’. மூன்றாம் பருவத்தின் பெயர் ‘அதூரா சச்’, அதாவது முழுமையாகாத உண்மை. 2022 ஆகஸ்ட் 26-ல் வந்தது. டிவி நட்சத்திரமாக இருக்கும் ஸாரா என்ற பெண் கொல்லப்படுகிறாள். அவளுடைய அண்ணன் முறையான முகுல் கைதாகிறான். பதினெட்டு நிரம்பாதவன். பங்கஜ் திரிபாதியின் மாதவ் மிஸ்ரா அவனுக்காக வாதாடுகிறார். எதிர்த்தரப்பில் ஸ்வேதா பாசு பிரசாத் நடித்த லேகா. இவனைப் பெரியவனாகவே வைத்து விசாரிக்க வேண்டும் என்பது லேகாவின் கட்சி.

இந்த ‘பெரியவனாக வைத்து’ என்பது எங்கிருந்து வந்தது? 2012 டிசம்பர் டெல்லி வழக்கிலிருந்து வந்தது. அதில் ஒருவன் சிறுவன் என்பதால் மூன்று வருடம் சிறப்பு இல்லத்தில் இருந்து, 2015 டிசம்பரில் வெளியே வந்தான். அவன் வெளியே வந்த அதே வாரம், டிசம்பர் 22-ல், ராஜ்யசபா புதிய சட்டத்தை நிறைவேற்றியது. இளைஞர் நீதிச் சட்டம் 2015. அதன்படி 16 முடிந்து 18 ஆகாதவர்கள் கொடிய குற்றம் (குறைந்தபட்ச தண்டனையே ஏழு வருடம் உள்ளது) செய்ததாகப் புகார் வந்தால், இளைஞர் நீதிக் குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்யும். செய்வதற்கான உடல், மன வலு இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று பார்க்கும். அதன் பிறகுதான் பெரியவனாக விசாரிக்கலாமா என்ற பேச்சே. குர்கான் பள்ளி வழக்கில், நீதிமன்றம் ‘போலு’ என்று புனைபெயர் கொடுத்த பையனைப் பற்றி, 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: இது நுட்பமான வேலை, மனநலம் தெரிந்தவர்களின் துணை இல்லாமல் செய்யக்கூடாது. ஆறு வாரம் கழித்து ‘அதூரா சச்’ வருகிறது. இதைவிட நல்ல நேரம் ஒரு தொடருக்குக் கிடைக்காது.

கிடைத்ததை என்ன செய்தார்கள் என்பதுதான் என் குறை. நடிப்பில் குறை இல்லை. மாதவ் மிஸ்ரா திரையில் வந்தாலே அம்மா ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவார். இல்லத்தில் முகுல் மற்றப் பையன்களிடம் மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. ஆனால் ஏன் கலங்குகிறது? அவன் செய்யவில்லை என்று நமக்கு உள்ளுக்குள் தெரியும். கடைசியில் அதுதான் உண்மை என்றும் ஆகிறது. ‘தப்பு செய்யாத பிள்ளை இந்த இடத்தில் இருக்கிறானே’ என்ற பதற்றத்தில்தான் எட்டு எபிசோடும் ஓடுகிறது. அப்படியானால் சுற்றியிருக்கும் மற்ற பையன்கள்? அவர்கள் அந்த இடத்துக்கே உரியவர்கள். அவனைப் பயமுறுத்த வைத்த செட் பிராப்பர்ட்டி. சட்டம் ‘இவனை இனி என்ன செய்வது’ என்று கேட்கிற இடத்தில், தொடர் ‘கொன்றது யார்’ என்று கேட்டுக்கொண்டு போய்விடுகிறது.

தமிழில் இந்த இடத்தைக் கோடிக்கணக்கான பேருக்குக் காட்டிய படம் ‘மாஸ்டர்’. 2021 பொங்கலுக்குத் தியேட்டரில் வந்து, அந்த மாதமே பிரைமிலும் வந்து, இப்போது டிவியில் பண்டிகை தவறாமல் வருகிறது. நாகர்கோவிலில் ஒரு சீர்திருத்தப் பள்ளி. பவானி (விஜய் சேதுபதி) தான் செய்யும் கொலைகளுக்கு அங்கிருக்கும் பையன்களைச் சரணடைய வைக்கிறான். பவானியே சிறுவயதில் மிரட்டப்பட்டு அதே மாதிரி இடத்துக்குள் தள்ளப்பட்டவன். மகேந்திரன் அந்த வயதில் நடித்திருக்கும் முதல் பகுதியை இன்றைக்கும் தனியாகப் பார்க்கலாம்.

எனக்கு அந்தப் படத்தில் மிகப் பிடித்த இடம் சண்டைக் காட்சி எதுவும் இல்லை. இரண்டு சிறுவர்கள் தேடும்போது ஜேடி குடித்துவிட்டுக் கிடப்பது. விடிந்தால் இரண்டு பேரும் தூக்கில். ஒரு மாஸ் ஹீரோவை அவ்வளவு பெரிய தப்பு செய்ய வைத்து, அதைச் சுமக்கவும் வைத்தது துணிச்சல். ஆனால் அங்கேயும் கணக்கு இதேதான். பையன்கள் கெட்டதற்கு ஒரு பவானி இருக்கிறான், போதைப்பொருள் அவன் கொடுத்தது, கொலைகூட அவன் செய்தது. பவானியை அடித்து முடித்தால் பையன்கள் சரியாகிவிடுவார்கள். அதாவது முகுல் செய்யவே இல்லை, நாகர்கோவில் பையன்கள் வேறொருவனால் ஆட்டுவிக்கப்பட்டார்கள். ஆக நிஜமாகவே கைநீட்டிய, யாரும் மிரட்டாமலே கைநீட்டிய பையனுக்கு நம்மிடம் கதை இல்லை.

(ஒரு சின்னக் குறிப்பு. அர்ஜுன் தாஸ் வயதில் ஓர் ஆள் சிறுவர்களோடு ஒரே இல்லத்தில் இருப்பது சட்டப்படி நடக்காது. பதினெட்டைத் தாண்டியவர்களைத் தனியாக வைக்க ‘பாதுகாப்பு இடம்’ என்று சட்டத்திலேயே வேறு ஏற்பாடு இருக்கிறது. சினிமா, விட்டுவிடலாம்.)

கதை இருக்கிறது என்று காட்டியது கொரியாக்காரர்கள். நெட்ஃப்ளிக்ஸில் ‘ஜுவனைல் ஜஸ்டிஸ்’, 2022 பிப்ரவரி, பத்து எபிசோடு. ஆரம்பத்திலேயே பதிமூன்று வயதுப் பையன் கோடரியோடு போலீசுக்கு வந்து, ஒரு சிறுவனைக் கொன்றுவிட்டேன் என்கிறான். (அந்தப் பையனாக நடித்தவர் லீ யோன் என்ற நடிகை. தெரிந்த பிறகும் நம்ப முடியவில்லை.) வழக்கு வருவது ஷிம் உன்-சொக் என்ற பெண் நீதிபதியிடம். கிம் ஹே-சூ நடித்தது. இளங்குற்றவாளிகளை அருவருக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லும் நீதிபதி. பக்கத்து நாற்காலியில் சா டே-ஜூ. சிறுவயதில் தானே அந்த வழியாக வந்து, பிறகு நீதிபதியானவர்.

கொரியச் சட்டத்தில் 14 வயதுக்குக் கீழே குற்றவியல் தண்டனை கிடையாது. அதற்குப் பதிலாகப் பாதுகாப்பு உத்தரவுகள், ஒன்று முதல் பத்து வரை. ஒன்று என்றால் வீட்டாரிடமோ பொறுப்பாளரிடமோ ஒப்படைப்பது. பத்து என்றால் இரண்டு வருடம் வரை சிறுவர் சீர்திருத்த இல்லம். தொடரின் உச்சக்காட்சிகள் பல, இந்த எண்ணை நீதிபதி வாசிக்கும் நிமிடங்கள்தான். செய்தார்களா என்பது பெரும்பாலும் பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. மீதிப் பாதி முழுக்க, செய்தவர்களை என்ன செய்வது. வீட்டுக்கு அனுப்பினால் அந்த வீடு எப்படிப்பட்டது? காப்பகத்துக்கு அனுப்பினால் அதை நடத்துகிறவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? பெண் பிள்ளைகளுக்கான காப்பகம் ஒன்றை நடத்தும் அம்மாவின் சொந்த மகள்கள் கவனிப்பாரில்லாமல் கிடப்பதைக் காட்டும் பகுதி ஒன்று போதும். நம்முடைய எந்தத் தொடரும் அந்த வாசலில் கால்கூட வைத்ததில்லை.

அந்தத் தொடரிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நீதிபதியின் சொந்த மகனைச் சிறுவர்கள்தான் கொன்றார்கள் என்று கடைசியில் கொண்டுவந்தது தேவையில்லை. ஒருவருக்குக் கோபம் வரச் சொந்த இழப்பு இருந்தே ஆக வேண்டுமா என்ன? நீதிபதியே துப்பறிந்துகொண்டு தெருத்தெருவாக அலைவதும் கொஞ்சம் ஓவர்தான்.

சரி, 2017.

எங்கள் தெருவில் ஒரு பையன், பத்தாம் வகுப்பு. தன்னைவிடப் பெரிய இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு கடைப் பூட்டை உடைத்து மொபைல்கள் எடுத்தான். முதல் இரண்டு நாள் தெருவே அவன் பக்கம். “அவன் எடுத்திருக்க மாட்டான், அந்தத் தடிப்பயலுவ மாட்டி விட்டுட்டானுவோ” என்றார்கள். பிறகு போன் ஒன்று அவன் வீட்டு அரிசிப் பானையிலிருந்து வந்தது. யோசனையும் அவனுடையதுதான் என்று தெரிந்தது. அதோடு தெரு அடங்கிவிட்டது. யாரும் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

சட்டப்படி சிறுவர்களுக்கு ஜாமீன்தான் பொது விதி. தெரிந்த குற்றவாளிகளோடு மறுபடி சேர்ந்துவிடுவான், அல்லது அவனுக்கே ஆபத்து வரும், அல்லது நீதி கெடும் என்று தோன்றினால்தான் மறுக்கலாம். அந்த இரண்டு பெரிய பையன்களைக் காரணம் காட்டி இவனுக்கு முதல் தடவை மறுத்துவிட்டார்கள். நாற்பது நாள் சொச்சம் புதுச்சேரிப் பக்கம் இருக்கும் இல்லத்தில் இருந்தான்.

காரைக்கால்காரர்களுக்கு இதன் பொருள் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கு மேல். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று நடுவில் முழுக்கத் தமிழ்நாடு. பஸ்ஸில் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். நடுவில் பிள்ளையைப் பார்ப்பது கொஞ்ச நேரம். அந்த அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. எந்தத் தொடரிலும் நான் பார்க்காத காட்சி இது: முறுக்குப் பொட்டலத்தோடு அதிகாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தாய். கொலை இல்லை, துப்பு இல்லை. வெறும் காத்திருப்பு. உள்ளே இருப்பவனுக்கும் பெரும்பாலும் அதேதான் என்று பின்னால் அவனே சொன்னான். “அடிலாம் இல்லண்ணே. மணிதான் போவாது.”

நான் அப்போது பெங்களூரில் வேலை. தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தேன், காரில். அந்த அம்மா வீட்டு வாசலில் நின்று, “தம்பி, நாளைக்கு நீங்க பாண்டி வழியாத்தான போவீங்க, என்னையும் ஏத்திக்கிட்டுப் போறீங்களா” என்று கேட்டார். நான் கும்பகோணம் வழியாகப் போவதாகச் சொன்னேன். சொல்லிவிட்டேனே என்பதற்காக மறுநாள் கும்பகோணம் வழியாகவே போனேன். பொய் சொன்னதற்குக் காரணம் என்ன என்று இன்று யோசித்தால், அந்த அரிசிப் பானைதான். பையன் எடுக்கவில்லை என்று ஆகியிருந்தால் நிச்சயமாக ஏற்றிக்கொண்டு போயிருப்பேன். அம்மாவின் கேள்வியைக் கேட்டுச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை?

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். ரயில்வே பேட்டரி திருட்டுப் புகாரில் பிடிக்கப்பட்டு உள்ளே போய் இரண்டே நாள். அடித்ததாக இல்லத்தின் ஊழியர்கள் கைதானார்கள். அதன் பிறகுதான் அரசு இல்லங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை ஒருநபர் குழுவாகத் தமிழக அரசு நியமித்தது. அந்த வழக்கைப் பற்றி நான் பேசிய நண்பர்களில் மூன்று பேர் முதலில் கேட்டது, “பேட்டரிய எடுத்தானா?” என்றுதான். இரண்டாவது கேள்விதான், எப்படிச் செத்தான் என்பது.

சட்டம் இதில் நம்மைவிட ஒரு படி மேலே இருக்கிறது. அதன் மூன்றாம் பிரிவில் பதினாறு கொள்கைகள். அதில் ஒன்று, பையனைக் குறிக்கும் சொல்லிலேயே பழி இருக்கக்கூடாது என்பது. குற்றவாளி என்று எழுதக்கூடாது. அதனால்தான் ‘சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை’ என்ற நீளமான பெயர். வாயில் நுழையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘கூர்நோக்கு இல்லம்’ என்பது நல்ல சொல். உற்றுப் பார்க்கிற வீடு. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, சின்னப்பசங்க ஜெயில் என்றுதான் சொல்கிறோம். திரையில் நமக்குக் கிடைப்பதும் ஜெயில்தான், கொஞ்சம் உயரம் குறைந்த ஆட்களோடு.

அந்தப் பையனுக்கு இப்போது இருபத்துநாலு இருக்கும். ஏசி வேலை கற்றுக்கொண்டு கையில் தொழில் இருக்கிறது. போன மாதம் ஒரு கம்பெனி விண்ணப்பத்தோடு வந்தான். ஆங்கிலத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம், இதற்கு முன் ஏதாவது வழக்கு உண்டா என்று.

“அண்ணே, இதுல ஆமான்னு போடவா, இல்லன்னு போடவா?”

இருபத்துநாலாம் பிரிவை எடுத்துப் படித்துக் காட்டினேன். சிறுவயதில் தண்டனையே வந்திருந்தாலும் அதனால் எந்தத் தகுதிக்குறைவும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தால் பதிவுகளை அழிக்க வேண்டும். பெரியவனாக விசாரிக்கப்பட்டவர்களுக்குத்தான் விதிவிலக்கு, அது இவனுக்குப் பொருந்தாது. எதற்கும் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு எழுது என்றும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“சட்டம் சரிண்ணே. அந்த எச்சாரு நம்ம தெருக்காரரு.”

படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். வீட்டுக்குள் அம்மா எட்டாவது எபிசோடுக்கு வந்திருந்தார்.