ஆயரும் ஆண்டகையும்

மந்தையை அறியாத ஊரன்று குருபரப்பள்ளி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தொலிக்கும் அந்த எல்லைப்புறம், குறும்பர் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த மண். இன்று அங்கே கிருஷ்ணகிரி – ஓசூர் நெடுஞ்சாலை இரைகிறது. தொழிற்பேட்டை எழுந்து நிற்கிறது. ஆயினும், மேய்ப்பனுக்குரிய நீதி எது என்று கேட்டால், எழுத்தறியாக் கிழவரும் விடை சொல்வார்: பிறர் ஆட்டை மேய்ப்பவன் மாலையில் எண்ணிக்கை ஒப்புவிக்க வேண்டும், ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டும், கோலை உயர்த்திக் காட்டி உரியவன் வாயை அடைக்கக் கூடாது.

இந்த எளிய நீதியை அளவுகோலாகக் கொண்டு, கிறித்துவத் திருச்சபைத் தலைமையை மதிப்பிட விழைகிறோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். சபைத் தலைவரை ஆயர் என்கிறார்கள். மேய்ப்பவர் என்று பொருள். நல்ல சொல், எளிய சொல்! ஆனால் அடுத்த மூச்சிலேயே ஆண்டகை என்கிறார்கள். பெருமைக்குரிய தலைமகன் என்று பொருள். இடையன் கோலும் இறைமகுடமும் ஒரே ஆளிடம்! ஆண்டுக்கொரு நாள், பெரிய வியாழனன்று, பன்னிருவர் பாதம் கழுவுகிறார்கள். மற்ற நாட்களில் அந்தப் பன்னிருவர் கேள்வி கேட்டால் பதில் உண்டா? பணிவுக்கு அதுவன்றோ உரைகல்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், 1287-ஆம் விதியில், மக்கள் அளித்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. 537-ஆம் விதி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் என்கிறது. ஆனால் 536-ஆம் விதி, பங்குப்பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு என்று முடித்துவிடுகிறது. கணக்குக் காட்டும் முறையையும் அந்தந்த இடத்துச் சட்டமே வகுக்கும் என்று விட்டுவைக்கிறது. பங்கு என்கிறார்கள், பங்குமக்கள் என்கிறார்கள். முடிவெடுப்பதில் அம்மக்களுக்குப் பங்கு எங்கே என்று கேட்கிறோம்!

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கத்தோலிக்கர், 1997-இல் அமைக்கப்பட்ட தருமபுரி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஆலையில் உழைக்கும் தோழன், வாங்கிய சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று சீட்டைப் பார்த்துச் சரிபார்க்கிறான். அதே தோழன் உண்டியலில் இட்ட காணிக்கைக்குச் சீட்டுக் கேட்டால் அது அவிசுவாசமா? அறிவுடைமையன்றோ!

தேர்தல் உள்ள சபையிலேனும் நிலைமை மேலா? 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் பிறந்தது தென்னிந்தியத் திருச்சபை. சேகரக் கமிட்டி, மறைமாவட்ட மன்றம், பேரவை என மக்களாட்சிக்குரிய படிகள் அனைத்தும் அங்குண்டு. ஆயினும் நடந்ததென்ன? பேராயர்களின் ஓய்வு வயதை 67-இலிருந்து 70 ஆக உயர்த்தும் திருத்தம் வழக்காயிற்று. 2023-இல் பிரதமப் பேராயரின் தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. 2024-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகிகளாக நியமித்தது. சபையாரிடம் சொல்ல வேண்டிய பதிலை நீதிபதியிடம் சொல்லும் நிலை! படிகள் இருந்தும் மேலே இருப்பவர் கீழே இறங்கி வரவில்லையெனில், அவை ஏறுவதற்கு மட்டுமே பயன்படும்.

நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1910-இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளை மிஷனரிமார் முன் நின்று, மேலாளராக அன்றி நண்பராகப் பழகுங்கள் என்னும் கருத்தைத் துணிந்து உரைத்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். வெள்ளையர் எழுந்து போன நாற்காலியில் நம்மவர் அமர்ந்தது மகிழ்ச்சியே. ஆனால் நாற்காலியின் உயரம் குறைந்ததா?

"இது எங்கள் வீட்டு விவகாரம், நாத்திகருக்கு இங்கென்ன வேலை?" என்பர். 1925-இல் நீதிக்கட்சி ஆட்சி அறநிலையச் சட்டம் இயற்றியபோது வைதிகரும் இப்படித்தான் கூச்சலிட்டனர். கோயிலுக்குக் கணக்குக் கேட்டவர்கள், தேவாலயத்தின் வாயிலில் வாய்மூடி நின்றால் அது நடுநிலை ஆகாது. மேலும், சபைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்க்குப் பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து ஊதியம் செல்கிறது. நாட்டுக்குத் தொடர்பற்ற விவகாரமா இது?

அரசு சபையை ஆள வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சபையார் ஆளட்டும்! வரவு செலவு தமிழில், ஆலய வாயிலில், ஆண்டுதோறும் ஒட்டப்படட்டும். சபைநிலம் சபையார் ஒப்புதலின்றி விலைபோகாதிருக்கட்டும். பதவிக்காலத்தைப் பதவியில் இருப்பவரே நீட்டிக்கொள்ளும் வழி அடைபடட்டும். கேள்வி கேட்பவனைச் சபைநீக்கம் என்று மிரட்டும் வழக்கம் ஒழியட்டும்.

கிறித்துவ இளைஞர்களே! பணிவு என்பது தலைவரின் குணநலனாக இருந்தால், அவர் போனால் அதுவும் போய்விடும். அதை விதியாக்குங்கள். மாலையாகிவிட்டது, மந்தையின் கணக்கைக் கேளுங்கள்!