குந்தனின் சாவு யாருக்குச் சொந்தம்?

2013இல் செத்துப்போன ஒரு காதலன் 2025 ஆகஸ்ட் 1 அன்று தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் கண் திறந்தான். ஆனந்த் எல். ராய் இயக்கிய ‘ராஞ்ஜனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’ அன்று மறுபடி வெளியானது. படத்தின் உரிமையை வைத்திருந்த ஈராஸ் நிறுவனம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவை மாற்றியிருந்தது. மூலத்தில் காசியின் குந்தன் தன் சாவைத் தானே ஏற்றுக்கொள்கிறான். புதிய முடிவில் பிழைத்துவிடுகிறான். இயக்குநர் கண்டித்தார். படத்தின் ஆன்மாவையே பறித்துவிட்டார்கள் என்று குந்தனாக நடித்த தனுஷ் அறிக்கை விட்டார். ஒரு நடிகர் உடலாலும் குரலாலும் செய்துமுடித்த வேலையை அவரைக் கேட்காமலே திருத்தலாம் என்றால், நாம் நடிப்பு என்று எதைப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்? அண்மைக்கால இந்திக் காதல் படங்களை இந்தக் கேள்வியோடு பார்க்க விரும்புகிறேன்.

இந்திக் காதல் படம் புதுச்சேரிக்கு அந்நியச் சரக்கு அல்ல. ஜிப்மரிலும் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலும் நாட்டின் எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அரவிந்தர் ஆசிரமத்தைச் சுற்றி வங்காளிகளும் ஒடியர்களும் குஜராத்திகளும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். ஆனால் என் அக்கறை முத்தியால்பேட்டைக்காரர்கள் மேல். நெசவாளர் பேட்டையாக வளர்ந்த இந்த இடத்தில், மணிக்கூண்டுப் பக்கத்து டீக்கடைகளில் படம் பேசும் இளைஞர்கள் பெரும்பாலும் இந்தி அறியாதவர்கள். கைப்பேசியில் தமிழ் டப்பிங்கிலோ சப்டைட்டிலோடோ பார்த்துவிட்டு வருகிறார்கள். ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் லேக்’, ‘கெமிஸ்ட்ரி செம’, ‘அழ வெச்சிட்டான்’ என்று தீர்ப்பு உடனே வரும். அழவைத்தது முகமா, குரலா, பாட்டா என்ற இடத்தில்தான் சண்டை தொடங்குகிறது. எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும்.

இவர்களுக்கு முந்தைய தலைமுறைக்கு டப்பிங்கும் இல்லை, சப்டைட்டிலும் இல்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தது 1965இல். ‘ஆராதனா’ வந்தது 1969இல். சென்னையில் அது மாதக்கணக்கில் ஓடியது. ஆட்சிமொழியாக வந்த இந்தியை மறுத்தவர்களே ராஜேஷ் கன்னாவின் தலையசைப்பையும் ஷர்மிளா தாகூரின் கன்னக்குழியையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இதில் முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. சொல் புரியாததால் அவர்கள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்கள். குரலின் ஏற்ற இறக்கத்தையும் மூலத்திலேயே கேட்டார்கள். அது நல்ல பயிற்சி.

அந்தப் பயிற்சியையே கதையாக்கியவர் கே. பாலசந்தர். ‘மரோ சரித்ரா’வை 1981இல் ‘ஏக் தூஜே கே லியே’ என்று இந்தியில் எடுத்தபோது, இந்தி தெரியாத தமிழ்ப் பையன் வாசுவாகக் கமல்ஹாசனை நிறுத்தினார். இந்திப் படப் பெயர்களை மட்டும் கோத்து வாசு பாடும் பாட்டு விளையாட்டாகத் தொடங்குகிறது. ஆனால் மொழியில்லாதவன் கைக்குக் கிடைத்த சொற்களை எல்லாம் அள்ளிக் காதலியிடம் கொடுக்கிறான் என்பதே அதன் உள்ளடக்கம். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் உச்சரிப்பில் தமிழ் வாடை அடிக்கிறது என்று தயங்கினார்கள். அந்தப் படத்துக்கே அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. பாத்திரத்துக்கு அந்த வாடைதான் தேவையாக இருந்தது.

தனுஷிடமும் விஜய் சேதுபதியிடமும் தொடர்வது இந்த வழிதான். ‘ராஞ்ஜனா’வில் குந்தன் காசியில் குடியேறிய தமிழ்ப் புரோகிதக் குடும்பத்துப் பிள்ளை. ஆகவே தனுஷின் இந்தியில் ஒட்டாமல் நிற்கும் ஓசைக்குக் கதையே இடம் கொடுத்துவிடுகிறது. அவன் ஜோயா என்ற பெண்ணின் பின்னால் அலைவதையும் மணிக்கட்டை அறுத்துக்கொள்வதையும் காதல் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்தை விமர்சித்த பெண்கள் சொன்னது சரி. இருந்தும் குந்தன் செய்த பிழையின் கனம் அவன் சாவில்தான் ஈடாகிறது. கடைசித் தனிமொழியில் தனுஷின் குரல் களைத்து, மெலிந்து, இன்னொரு முறை எழுந்துவர யாருக்கப்பா தெம்பு என்பதுபோல் அடங்கும். அந்த அடக்கத்துக்குப் பிறகு கண் திறக்கவைத்தால், முந்தைய இரண்டு மணி நேர நடிப்பும் பொய்யாகிவிடுகிறது. அவன் செய்தவை அனைத்துக்கும் பரிசு கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. நடிப்பைக் கெடுத்ததோடு நிற்காமல் படத்தின் நீதியையும் கெடுத்தார்கள் என்று சொல்வேன்.

ஸ்ரீராம் ராகவனின் ‘மெரி கிறிஸ்துமஸ்’ (2024) இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. ஃப்ரெதெரிக் தார் எழுதிய பிரெஞ்சு நாவலிலிருந்து பிறந்த படம். புதுச்சேரிக்காரர்கள் அதற்காகவே ஒருமுறை பார்க்கலாம். டப்பிங் செய்யாமல் இந்தியிலும் தமிழிலும் தனித்தனியாகப் படம்பிடித்தார்கள். துணைப் பாத்திரங்களுக்கு இந்தியில் சஞ்சய் கபூர், வினய் பாதக். தமிழில் ராதிகா, சண்முகராஜன். விஜய் சேதுபதி இரண்டிலும் தன் குரலிலேயே பேசினார். இந்தியில் சொல் தேடி ஒரு கணம் நிற்கிறார்; அவர் ஏற்ற ஆல்பர்ட் பாத்திரத்தின் கூச்சத்துக்கு அது பொருந்துகிறது. தமிழில் அந்தத் தயக்கத்தைக் கண்ணிலும் தோளிலும் வைக்கிறார். காவல் நிலையத்தில் நடக்கும் இறுதிப் பகுதியில் பேச்சு கிட்டத்தட்ட இல்லை. கத்ரீனா கைஃபின் முகத்தில் இவ்வளவு இருந்ததா என்று வியந்தேன். கூட்டம் திரளாத படம்தான். நடிப்பைப் பற்றிப் பேச விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கூட்டம் திரண்டது ‘சையாரா’வுக்கு. 2025 ஜூலையில் மோஹித் சூரி இரண்டு இளம் நடிகர்களை வைத்து எடுத்த படம். உலக அளவில் 500 கோடி ரூபாயைத் தாண்டியது. அரங்கில் இளைஞர்கள் விம்மி அழும் காணொளிகள் நாடெங்கும் சுற்றின. அஹான் பாண்டேயின் கோபம் முதல் பாதியில் அளவுக்கு மீறிய சத்தம். அனீத் பட்டா அடக்கி நடிக்கிறார். நினைவு நழுவும் பெண்ணாக, தான் எதையோ தவறவிட்டோம் என்று தெரிந்தும் அது எதுவென்று தெரியாத அந்தத் திகைப்பைக் கொண்டுவந்துவிடுகிறார். ஆனாலும் ‘மூன்றாம் பிறை’யையும் அதன் இந்தி வடிவமான ‘சத்மா’வையும் பார்த்தவர்களுக்கு மனம் நிறையாது. பாலுமகேந்திரா மறதியை இசைக் கச்சேரியாக்கவில்லை. ரயில் ஜன்னலுக்கு வெளியே குரங்குபோல் குதிப்பவனை ஸ்ரீதேவி யாரோ என்று பார்ப்பார். அந்தப் பார்வையில் அழுகையைத் தூண்டும் முயற்சி துளியும் இல்லை.

‘லவ் டுடே’யைத் திருப்பிச் செய்த ‘லவ்யாப்பா’ பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூலத்தின் பதற்றம் அங்கே வரவில்லை. ‘தடக் 2’ அப்படியல்ல. ‘பரியேறும் பெருமா’ளின் மறுஆக்கம், ஷாஜியா இக்பால் இயக்கியது, தணிக்கைக் குழுவின் வெட்டுகளைத் தாங்கி 2025 ஆகஸ்டில் வந்தது. மாரி செல்வராஜின் பரியன் தன் உணர்வுக்குக் காதல் என்று பெயர் வைக்கக்கூட வாய்ப்பில்லாதவன். அந்தப் பெயரின்மையே சாதியின் கொடுமை. இந்தியில் அதை முழுக் காதலாக்கிவிட்டார்கள், இழப்புத்தான். ஆனால் திருப்தி டிம்ரி ஏற்ற விதி என்ற பெண், மூலத்தின் ஜோதியைப்போல் ஒன்றும் அறியாதவளாக நின்றுவிடாமல் தன் வீட்டாரோடு மோதுகிறாள். இது லாபம். சித்தாந்த் சதுர்வேதி அவமானத்தை விழுங்கும் காட்சிகளில் உண்மையாக இருக்கிறார். அவருடைய நிறத்தை மைபூசிக் கருப்பாக்கியது மட்டும் கண்ணை உறுத்தியது.

முத்தியால்பேட்டைக்கு அடுத்த கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. குரலால் நடிப்பதைத் தமிழ் மேடைக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். புதுச்சேரி அரசு தரும் திரைப்பட விருதும் அவர் பெயரில்தான். அந்த ஊர்க்காரர்களாக இருந்துகொண்டு, வேறொருவர் குரல் ஒட்டிய முகத்தைப் பார்த்து நடிப்பை எடைபோட்டுவிடக் கூடாது. ‘தேரே இஷ்க் மே’ 2025 நவம்பரில் தமிழ் டப்பிங்கிலும் வந்தது. அதில் சங்கராக தனுஷ் மறுபடி கோபத்தைக் காதலாகக் காட்டுகிறார், நான் மறுபடி ஒப்பவில்லை. தகப்பனாக வரும் பிரகாஷ்ராஜ்தான் படத்தைத் தாங்குகிறார். மகனுக்காகத் தன் மானத்தை விட்டுக்கொடுக்கும் இடங்களில் அவர் பேசும் இந்தியைக் கேட்க வேண்டும். டீக்கடையில் பேச உட்காரும் தம்பிகள் அந்தக் காட்சிகளையாவது ஒருமுறை இந்தியிலேயே ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.