பின் சீட்டுக்குக் கீழே ஒரு மூக்கு

காரை இயக்கியதும் ஒரு ஜப்பானியப் பெண் பேசத் தொடங்குவாள். அந்த நாட்டு நெடுஞ்சாலைச் சுங்க அட்டையை இன்னும் செருகவில்லை என்று நினைவூட்டுகிறாளாம். யாழ்ப்பாணத்தில், 14 மாதமாக, நாள் தவறாமல். பழைய ஜப்பான் கார் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் குரல் பழக்கம். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. என் கார் வேறொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் அந்தக் கணக்கிலேயே விட்டுவிட்டேன்.

கார் 2013ஆம் ஆண்டின் ரொயோட்டா அக்குவா. 1.5 லீற்றர் எஞ்சின், 36 லீற்றர் தாங்கி, பின் சீட்டுக்கு அடியில் 144 வோல்ற் பற்றரி. இதெல்லாம் இலங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் மனப்பாடம். எனக்கு இதில் ஆசை வந்தது 2022இல். பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறி, கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கிய காலம். என் பழைய கார் அதை வியாழனுக்குள் குடித்து முடித்துவிடும். அடுத்த வீட்டு அக்குவா அதே 20 லீற்றரில் கிளிநொச்சிக்கும் போய்வந்து மிச்சமும் வைத்திருக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பத்து வயதுக் கார்களுக்கெல்லாம் பொன் விலை. நானும் கொடுத்தேன்.

நல்லதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அறிமுகமானபோது ஜப்பானியச் சோதனையில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று சொல்லப்பட்ட கார் இது. எனக்கு ஊருக்குள் 19, ஏ9 வீதியில் 22. மனக்குறை இல்லை. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே வேகத்தை வாங்கிப் பற்றரியில் சேர்த்துவிடுவதால் பிரேக் பாட் மெல்லத்தான் தேய்கிறது. ஸ்ராட்டர் மோட்டாரும் ஒல்ரனேற்றரும் கிளச்சும் இதில் கிடையாது. இல்லாததைத் திருத்தினேன் என்று யாரும் காசு கேட்க முடியாது. நல்லூர்த் திருவிழா நாட்களில் ஒழுங்கைகளால் சுற்றிப் போகும்போது எஞ்சின் உறங்கிவிடும். படலையடியில் படுத்திருக்கிற நாய்கூடத் தலை தூக்காது.

இனி அந்த மூக்கு.

பின் சீட்டின் அடியில், காலடிப் பக்கம், ஓர் ஓரமாக உள்ளங்கையளவில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறது. பற்றரி சூடாகும்போது உள்ளேயுள்ள விசிறி அந்த வழியாகத்தான் காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துப் பற்றரிக்கு ஊதும். பற்றரிக்கென்று தனி ஏசி இல்லை. நீங்கள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறீர்களோ அதையேதான் அதுவும் சுவாசிக்கிறது. 14 மாதத்தில் இந்தக் காரைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது இது ஒன்றுதான். கற்றுக்கொண்ட விதம் நல்லதாக இல்லை.

முதலில் கண்டுபிடித்தவர் மாமி. "தம்பி, பின்னாலை என்னவோ இரையுது" என்றார். "ஏசிச் சத்தம் மாமி" என்று சொல்லி ரேடியோவைக் கூட்டிவிட்டேன். உண்மையில் அன்றைக்கு ஏசி போட்டிருக்கவேயில்லை. பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓடுவது என் வழக்கம். கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் அப்படி ஓடினால் செம்பாட்டு மண் தூசி முழுக்கக் காருக்குள்தான். போதாக்குறைக்கு, திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வரும்போதெல்லாம் மாமியின் உமல் பின் சீட்டுக் காலடியில் இருக்கும். துவாரத்தை அடைத்தபடி, அளவெடுத்துச் செய்ததுபோல.

கொழும்பிலிருந்து திரும்பிய ஒரு பகல், மாங்குளம் தாண்டியதும் எச்சரிக்கை முக்கோணம் எரிந்தது. கீழே ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி. காலால் எவ்வளவு மிதித்தும் கார் மாட்டுவண்டி மாதிரித்தான் நகர்ந்தது. ஒருவாறு முறிகண்டிக்கு வந்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, நிழலில் காரை விட்டுக் கச்சான் சாப்பிட்டோம். பொதி முடிவதற்குள் காருக்கு உயிர் வந்துவிட்டது. விளக்கு மட்டும் அணையவில்லை. மாமி பிள்ளையாருக்கு நன்றி சொன்னார். நன்றி நிழலுக்கும் போயிருக்க வேண்டும்.

முதலில் போன கராஜில் ஸ்கானரைச் செருகி எடுத்த ஒரே நிமிடத்தில் தீர்ப்பு: பற்றரி முடிந்தது, இரண்டரை இலட்சம். திரையைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை. இரண்டாவது இடத்தில் இருந்த பெடியன் திரையை என் பக்கம் திருப்பி வைத்தான். பி0ஏ82. பற்றரியைக் குளிரவைக்கும் விசிறி சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான குறியீடு அது. பற்றரிக்கே ஆயுள் முடிந்ததென்றால் வருவது பி0ஏ80. கடைசி எண்ணில் இரண்டுதான் வித்தியாசம். காசில் இரண்டரை இலட்சம்.

கையுறை போட்டு, உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் செருகியைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்த பிறகுதான் அவன் விசிறியில் கை வைத்தான். இன்வேர்ட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்காம். செம்மஞ்சள் வயர் ஓடுகிற இடத்தில் வீட்டு ஸ்குறூ டிரைவரோடு இறங்க நினைப்பவர்கள் இந்தப் பத்து நிமிடத்தை மறக்கக் கூடாது. விசிறி வெளியே வந்தது. செம்மண், தலைமயிர், மிதியடித் தும்பு, ஒரு கச்சான் கோது. இதழ்களின் இடைவெளியே தெரியவில்லை.

"அண்ணை, காருக்கு மூக்கடைப்பு" என்றான். கண்ணாடி இறக்கி ஓடுகிற கதையைச் சொன்னதும் சிரித்தான். "பெற்றோலிலை மிச்சம் பிடிச்சு பற்றரிக்குக் கட்டுறியள்."

6,500 ரூபாயோடு வேலை முடிந்தது.

முடியவில்லை என்றும் சொல்லலாம். பற்றரிக்குள் 7.2 வோல்ற் கட்டிகள் 20, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தபடி இருக்கின்றன. நிக்கல் வகைப் பற்றரிக்கு வெக்கை ஆகாது. காற்றுப் படாமல் வெந்த கட்டிகள் மற்றவற்றுக்கு முன்பே தளரும். என்னுடையதிலும் ஒன்று மற்றவற்றைவிடச் சற்றுக் கீழே நிற்கிறது என்று திரையில் காட்டினான். அதை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று சொல்கிற இடங்கள் ஊரெங்கும் இருக்கின்றன. மலிவுதான். ஆனால் போடுவதும் இன்னொரு காரில் கழன்ற பழைய கட்டி. பலம் ஒத்துவராதவை ஒரே தொடரில் இழுபடும்போது அடுத்த பலவீனமானது விழும், பிறகு அதற்கடுத்தது. மூன்று தரம் அப்படிக் காசு கட்டி, நாலாம் தரம் முழுப் பற்றரி வாங்கிய நண்பர் எனக்கு இருக்கிறார். விற்கும் எண்ணம் இருப்பவருக்குத்தான் கட்டி மாற்றுவது இலாபம். வாங்குகிறவர் அதனால்தான் பயப்பட வேண்டும்.

மற்றச் செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ற் உண்டு; எஞ்சின் தண்ணீரைப் பார்த்துவிட்டு இதை மறக்கிறவர்கள் அதிகம். ஏசி கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடுகிறது, அதற்கென்று எண்ணெய் வேறு. சாதாரண எண்ணெயை ஊற்றினால் மின்காப்பு கெட்டுவிடும். 12 வோல்ற் சின்னப் பற்றரி இறந்தால், பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் உயிர்க்காது. பிரேக்கைத் தொடாமலே அதன் பம்ப் அடிக்கடி ஓடிக் கேட்டால் பேரம் பேசாமல் எழும்பி வந்துவிடுங்கள். அந்த உறுப்பின் விலை வயிற்றைக் கலக்கும்.

இப்போது நான் ஏசி போட்டே ஓடுகிறேன். லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் குறைகிறது. வெயிலில் நின்ற காரை எடுத்தால் கதவுகளைத் திறந்து வெக்கையை வெளியேற்றி, கண்ணாடி ஏற்றி, அதன் பிறகே புறப்படுகிறேன். மாமியின் உமல் டிக்கிக்குப் போய்விட்டது. மரியாதைக் குறைவு என்று அவர் நினைக்கிறார். கஞ்சத்தனத்துக்காக வாங்கிய கார், கஞ்சத்தனத்தைப் பொறுக்காத கார் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே இப்படிச் செய்திருப்பேன். திரும்பவும் வாங்குவேனா என்றால், வாங்குவேன். அக்குவாவேதான்.

நீங்கள் பார்க்கப் போனால், சசி இலக்கத்தைக் கொண்டு ஏலத் தாளைத் தேடி எடுத்து, அதிலுள்ள கிலோமீற்றரைக் காரின் மீற்றரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஸ்கானர் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கையில் ஒரு ரோர்ச் லைற் கொண்டு போய், பின் சீட்டடியில் குனிந்து அந்தத் துவாரத்துக்குள் அடித்துப் பாருங்கள். "அது என்ன ஓட்டை?" என்று விற்கிறவர் கேட்டால், அவர் சொல்கிற விலையில் ஒரு பற்றரியின் காசைக் கழித்துக் கேளுங்கள்.