வல்லூறு வால் உதிர்த்தால்

ஐப்பசி மழையில், திருப்பனந்தாள் பக்கத்துக் கொல்லை ஒன்றில் பஞ்சாரத்தைத் தூக்கிச் சண்டைச்சேவலைப் பார்த்தால் இதுதானா அது என்று தோன்றும். வால் கொட்டிப்போயிருக்கும். கழுத்தில் பாதி இறகு, பாதி முள்ளாய் நிற்கும் குருத்து. கொண்டை வெளிறி, கூவலும் குறைந்து மூலையில் ஒதுங்கி நிற்கும். தைக்குள் அதுவே எண்ணெய் தடவியது போல மினுங்கும். இந்தச் சில மாதங்களை உரைகல்லாக வைத்துச் சேவற்கட்டு உலகின் பழைய நம்பிக்கை ஒன்றை உரசிப் பார்க்கலாம். இறகின் நிறமே சேவலின் விதி என்பது அந்த நம்பிக்கை.

பஞ்சபட்சி சாத்திரம் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பறவைகளை வகுக்கிறது. ஊண், நடை, அரசு, துயில், சாவு என்னும் ஐந்து தொழில்கள் பகல் ஐந்து சாமம், இரவு ஐந்து சாமம் என மாறி மாறி அவற்றுக்கு வரும். களத்துக்காரர்கள் நிறத்தை வைத்துச் சேவலை இந்த ஐந்தில் ஒன்றாக்கி, அரசு நேரத்தில் இறக்கினால் வெற்றி, சாவு நேரத்தில் இறக்கினால் தோல்வி என்று கணிக்கிறார்கள்.

இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. செங்காட்டுக்கோழிச் சேவல் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் கழுத்தின் பொன்னிறத் தோகையை உதிர்த்துக் குட்டையான கரிய இறகைப் போர்த்திக்கொள்ளும். அதன் வழிவந்த வீட்டுச்சேவலிடம் இந்த வேடமாற்றம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பழைய இறகு விழுந்த குழியிலிருந்து பெரும்பாலும் பழைய நிறமே முளைக்கிறது. நிறம் பரம்பரையில் வருவது. ஒரு வயதில் காகம் என்று பெயர் பெற்றது நான்கு வயதிலும் காகமாகவே இருக்கும். குஞ்சு இறகு மாறி முழு இறகு வருமுன் பெயர் வைப்பதுதான் அவசரம். ஆக, ஒரு சேவலை இன்னதென்று அடையாளம் சொல்ல நிறப்பெயர் உதவும். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் போரிட்ட கோழி ஒன்றுக்கு நடுகல்லே நட்டிருக்கிறார்கள். தனிச்சேவலை அடையாளம் வைத்துப் போற்றுவது அவ்வளவு பழைய வழக்கம்.

அடையாளத்தைத் தாண்டிப் பலன் சொல்லத் தொடங்கும்போதுதான் சிக்கல். வால் உதிர்ந்த வல்லூறு ஒன்றுக்கு இன்று அரசு; இறகு முற்றிய காகத்துக்குச் சாவு. கணக்குப்படி வல்லூறுதான் வெல்ல வேண்டும். ஆனால் அந்த வல்லூறைக் களத்துக்குத் தூக்கி வரும் வளர்ப்பாளர் யாருமில்லை. இரண்டு சேவலும் ஒரே நிறமாக இருந்தாலோ கணக்கு வாயை மூடிக்கொள்கிறது. வென்ற நாளில் சாத்திரம் பலித்தது என்பார்கள். தோற்ற நாளில் நேரம் பார்த்தவர் பிசகினார் என்பார்கள். எந்த முடிவாலும் பொய்யாகாத கணிப்பு எதையும் கணிப்பதில்லை.

இறகு உதிரும்போது உடலுக்குள் நடப்பது வேறு. பகல் குறையக் குறைய ஆண் இயக்குநீர் தணிகிறது. கொண்டை வெளிறுவதும் முரட்டுத்தனம் அடங்குவதும் அதனால்தான். இறகில் பத்தில் ஒன்பது பங்கு கெராட்டின் என்னும் புரதம். இருப்பதையெல்லாம் உடல் இறகுக்குத் திருப்பிவிடுகிறது. குருத்துக்குள் ரத்தம் ஓடுவதால் அது முறிந்தால் ரத்தம் கொட்டும். உதிர்காலத்தில் சேவலைப் பிடிக்காதே, முட்டவிடாதே என்று பழைய ஆட்கள் சொல்வது முழுக்கச் சரி.

ஆனால் வளர்ப்பாளர் பழக்கங்கள் எல்லாமே தேறிவிடவில்லை. டெல்டாவில் எளிதாகக் கிடைப்பது நெல்லும் குருணையும். அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழு, எட்டுதான். அதை மட்டும் போட்டால் உதிர்வு இழுத்துக்கொண்டே போகும். வயல் நத்தை, கரையான், உப்பில்லாத கருவாட்டுத் தூள் போட்டவர் கொல்லையில் வால் முந்தி வளரும். சீக்கிரம் முளைக்கட்டும் என்று பழைய இறகைப் பிடுங்குவதும் பட்டினி போடுவதும் வதை. வெளிநாட்டு நூல்களின் மாதக்கணக்கும் இங்கே அப்படியே ஒத்துவராது. லண்டனில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வித்தியாசம் ஒன்பது மணி நேரத்தை நெருங்கும். திருப்பனந்தாளில் ஒன்றேகால் மணி நேரந்தான். இவ்வளவு மெல்லிய சைகையில் எல்லாச் சேவலும் ஒரே மாதத்தில் உதிர்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. வயது, தீனி, மழை எல்லாம் சேர்ந்தே நாளைக் குறிக்கின்றன.

நிறம் சேவலின் பெயர். அதன் பலம் அன்று. பெயர்களைத் தமிழின் சொத்தாகக் காக்கலாம், கணிப்பைக் கைவிடலாம். வேடிக்கைக்காக விலங்குகளை மோதவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. களமே இல்லாமல் போனால் கணிப்புக்கு வேலையும் இல்லை. உதிர்ந்த சேவலை மழைக்கு ஒதுக்கிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, நத்தை பொறுக்கிப் போடுகிற கைக்கு மட்டும் எப்போதும் வேலை இருக்கும். சாத்திரம் அரசு என்று சொன்ன நாளிலும் அந்தக் கை பஞ்சாரத்தைத் தூக்கவில்லை.