சங்கர்லால் தேநீர் குடிக்கும் நேரம்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலுள்ள வேலணையில் எங்கள் வாசிகசாலைக்குள் இரண்டு கட்சி. கணேஷும் வசந்தும் கதைக்கிற கதைக்கு முன்னால் சங்கர்லால் எந்த மூலை என்று கேட்ட சுஜாதா கட்சிக்காரர் இன்றைக்கும் இருக்கிறார்கள். கேட்கட்டும். சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணனின் கட்சிக்காரனான எனக்கு, அந்தத் துப்பறிவாளர் தேநீர் குடிக்கும் கட்டங்களே போதும்.

பிணம் கிடக்கும். காவல் அதிகாரி வகாப் பரபரப்பார். உதவியாள் மாது ஓடி வருவான். சங்கர்லாலோ காலைத் தூக்கி மேசையில் போட்டுக்கொண்டு தேநீர் குடிப்பார். கதை அப்படியே நிற்கும். கோப்பை காலியாவதற்குள் சந்தேகத்துக்குரிய அத்தனை பேரையும் நாமே ஒருக்கால் விசாரித்து முடித்துவிடுவோம். எந்த வரியில் நிறுத்தினால் வாசகன் அடுத்த கிழமைக்குக் காசு எடுத்து வைப்பான் என்று அறிந்த பத்திரிகைக்காரனுக்கே இது கைவரும்.

‘கிராம ஊழியன்’, ‘அணில்’, பிறகு ‘கல்கண்டு’ என்று ஆசிரியர் மேசையில் தேறிய தேவகோட்டைக்காரர் தமிழ்வாணன். துணுக்கு எழுதிப் பழகிய கை என்பதால் வசனம் நீளவே நீளாது. கூடியவரை தனித்தமிழ், முகம் சுளிக்க ஒரு வரி கிடையாது. எங்கள் வாத்திமார் மற்றத் துப்பறியும் புத்தகங்களைப் பறித்து வைப்பார்கள். இவருடையதைப் பறித்தால் தாங்கள் வாசித்துவிட்டுத்தான் தருவார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் பண்ணைப் பாலம்கூடத் தாண்டாத பெடியள் ஹாங்காங்கையும் பெர்லினையும் சங்கர்லாலோடு போய்ப் பார்த்து வந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதனால் வீரகேசரிப் பிரசுரங்கள் தழைத்தன. 1973 இல் நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ வந்தது. அருமையான நாவல், மறுக்கவில்லை. ஆனால் கொலைகாரனைத் தேடுகிறவனின் பசி அதில் அடங்குமா? பழைய சங்கர்லால்களே குறிகட்டுவான் லோஞ்சில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கை மாறின. கடைசித் தாள் கிழிந்திருந்தால் குற்றவாளி யாரென்று கரை சேரும்வரை சண்டை நடக்கும்.

1977 இல் தமிழ்வாணன் மறைந்தார். அவருக்குப் பின் வந்த இப்போதைய மர்மக் கதைகளில் முதற்பக்கத்திலேயே மூன்று பிணம், துப்பாக்கியின் வம்ச வரலாறு. துப்பறிகிறவனுக்குக் குடி, மனைவியோடு பிணக்கு. சங்கர்லால் வீட்டில் மனைவி இந்திரா இருந்தாள், நிம்மதியும் இருந்தது. மனிதர் வழக்கை மட்டும் யோசித்தார். மணிமேகலைப் பிரசுரம் தமிழ்வாணன் நூல்களோடு எங்கள் ஈழத்து எழுத்தாளர்களின் நூல்களையும் அச்சிட்டது. ஆனால் தீவுப்பக்கத்தில் இரண்டையும் வாங்க ஒரு கடை கிடையாது. யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏற வேண்டும்.