துருவங்கள் செய்த பாவம் என்ன?

ஏழைக்கும் செல்வருக்கும் உள்ள இடைவெளியைச் சொல்ல வந்தால் 'இரு துருவங்கள்' என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் பேனாவை மூடிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'போல்ஸ் அபார்ட்' என்பார்கள். அதன் நகல் இது. 1971-ல் வெளிவந்த சிவாஜி கணேசன் படத்துக்கே 'இரு துருவம்' என்று பெயர். அண்ணன் கொள்ளைக்காரன், தம்பி போலீஸ் அதிகாரி. அங்கே பொருத்தம்தான்; ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா?

ஆனால் வாசகர்களே, பௌதிகம் படித்த நீங்கள் இதை அப்படியே ஏற்கலாமா?

பூமியின் துருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தரைவழியே அளந்தால் இரண்டுக்கும் இடையே சுமார் 20,000 கிலோமீட்டர். உண்மை. ஆனால் இரண்டிலும் ஏறத்தாழ ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு, இரண்டிலும் உறைபனி. வடதுருவம் கடல்மேல் மிதக்கும் பனி. தென்துருவமோ 2,800 மீட்டர் உயரப் பனிமேடு. ஆகவே அங்கே குளிர் அதிகம். குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் வியர்த்து நிற்பவருக்கு இவை இரட்டைப் பிள்ளைகளாகத்தான் தோன்றும்!

காந்தத் துருவங்கள் என்றாலோ நிலைமை இன்னும் மோசம். ஒரு காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் சம வலிமை உடையவை. எதிர் முனைகள் ஒன்றையொன்று ஈர்க்கும். காந்தத்தை இரண்டாக உடைத்தால் ஒவ்வொரு துண்டிலும் மறுபடி இரு முனைகள். தனி முனை இருக்கக்கூடும் என்று டிராக் 1931-ல் கணக்கிட்டுக் காட்டினார். இன்றுவரை அது உறுதியாக அகப்படவில்லை. சம வலிமையும் பிரியாத உறவும் கொண்ட இந்த ஜோடியா வறுமைக்கும் செல்வத்துக்கும் உவமை?

வேற்றுமை வேறு, ஏற்றத்தாழ்வு வேறு. பின்னதில் உயரம் இருக்கிறது. 'மலைக்கும் மடுவுக்கும்' என்ற நம் வழக்கில் அது உண்டு, துருவத்தில் இல்லை. உயரம் என்றால் எத்தனை அடி என்று கேட்கலாம். எது எங்கே பாயும் என்றும் சொல்லலாம். மின்னழுத்த வேறுபாட்டை வோல்ட்டில் அளப்பதும் இதே எண்ணத்தில்தான்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் புகுந்தபோது, மாடி உள்ளவர் மேலே ஏறிக்கொள்ள முடிந்தது. தரைத்தளமே வீடானவருக்கு அந்த வழி இல்லை. இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு மாடிப்படியின் உயரம், ஏறத்தாழ பத்து அடி. அதைக் கட்டப் பணம் வேண்டும். இவர்களைத் துருவங்கள் என்று எழுதினால் அந்தப் பத்து அடி மறைந்துபோகிறது. இருவரும் எதிரெதிரே சமமாக, இயற்கையாகவே அப்படி அமைந்தவர்கள் போல நிற்கிறார்கள்.

பட்டிமன்றத்தின் இரு அணிகளைத் துருவங்கள் என்று தாராளமாக அழையுங்கள். அவர்கள் சம வலிமை உள்ளவர்கள். நடுவர் இல்லாமல் பிரியவும் மாட்டார்கள்.