பாதையைத் தேர்ந்த மூன்று புத்தகங்கள்

விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் எப்போதும் ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி. கேட்பவர் கொஞ்சம் துணிச்சல்காரராகத் தோன்றினால் கொல்லிமலையையும் சேர்த்துக்கொள்வோம். இப்பொழுது அதே பட்டியலைச் சைக்கிள்காரர்களுக்கும் நீட்டுகிறார்கள். பருத்த டயரும் பல கியர்களும் கொண்ட மலைச் சைக்கிள் நம் சிறு பட்டணத்துக் கடைகளில்கூட விற்பனைக்கு வந்துவிட்டது. வாங்கியவர், இதை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது என்று கேட்பது நியாயந்தானே? கோடை பிறந்ததும் பத்திரிகைகளின் இணைப்பிதழ்கள் பதில் சொல்லக் கிளம்பிவிடுகின்றன. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏலகிரிக்கு 14 என்று எண்ணிக்கை தவறாமல் சொல்லுகின்றன. அந்த வளைவில் மண் எப்படி, எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் உண்டா, பிற்பகலில் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்பதை மட்டும் சொல்லுவதில்லை.

ஊர் சுற்றுகிறவர்களின் இந்தச் சில்லறைக் கவலையில் இலக்கிய விமரிசனத்துக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வேலை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஓர் இடம் நல்லது என்று எழுதுவதும் ஒரு நாவல் நல்லது என்று எழுதுவதும் அடிப்படையில் ஒரே காரியந்தான். இரண்டிலும் காரணம் காட்ட வேண்டும். காரணம் காட்டாத புகழ்ச்சிக்கு விளம்பரம் என்று பெயர். நம் பிரயாண எழுத்து எந்தக் காரணங்களைக் காட்டுகிறது, எவற்றை விட்டுவிடுகிறது என்று பார்த்தால், நம் கண் எப்படிப் பழக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சைக்கிளைப் பற்றிய மூன்று ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் மூன்று விதமாக இடத்தைத் தேர்ந்தவை.

முதலாவது, ஜெரோம் கே. ஜெரோம் 1900-ல் வெளியிட்ட 'த்ரீ மென் ஆன் த பும்மல்'. 1889-ல் அவர் எழுதிப் புகழ் பெற்ற படகுப் புத்தகத்தின் அதே மூன்று நண்பர்கள், வயது கொஞ்சம் கூடி, இருவர் குடும்பஸ்தர்களாகி, மறுபடியும் கிளம்புகிறார்கள். எங்கே போவது, எதில் போவது என்ற வாதம் முதல் அத்தியாயங்களை நிறைத்திருக்கிறது. புத்தகத்திலேயே அந்தப் பகுதிதான் சிறந்தது. கடைசியில் ஜெர்மனியின் கறுப்புக் காட்டில் சைக்கிள் ஓட்டுவது என்று முடிவாகிறது. சைக்கிள் கம்பெனிகளின் சுவரொட்டிகளை ஜெரோம் கேலி செய்கிற இடம் ஒன்று உண்டு. படத்தில் இருக்கிறவருக்கு வேர்ப்பதே இல்லை, மேடு எதிர்ப்படுவதே இல்லை என்று அவர் சிரிக்கிறார். அவர் கேலி செய்த சுவரொட்டிக்கும் நம் கோடை இணைப்பிதழின் வண்ணப் படத்துக்கும் நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி இருந்தும் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

ஆனால் இவ்வளவு விவாதித்துத் தேர்ந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஜெரோம் சைக்கிளைப் பாதி மறந்துவிடுகிறார். ஜெர்மானியரின் ஒழுங்கும் அவர்களுடைய போலீஸும் அவருடைய பேனாவைப் பிடித்துக்கொள்கின்றன. படகுப் புத்தகத்தில் இந்த அபாயம் நேரவில்லை. அங்கே தேம்ஸ் நதியே ஆசிரியரை அழைத்துக்கொண்டு போயிற்று. சாலை அப்படி யாரையும் அழைத்துப் போவதில்லை. ஒவ்வொரு கிளைப் பிரிவிலும் மனிதன் இறங்கி நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜெரோமுக்குத் தேர்வில் இருந்த ருசி தேர்ந்த பாதையில் இல்லை. ஹாஸ்யம் என்ற அளவில் அது குறையல்ல. பிரயாண நூல் என்ற அளவில் குறைதான்.

இரண்டாவது, எச். ஜி. வெல்ஸ் 1896-ல் எழுதிய 'த வீல்ஸ் ஆஃப் சான்ஸ்' என்ற நாவல். கதாநாயகன் ஹூப்டிரைவர் ஒரு ஜவுளிக் கடைச் சிப்பந்தி. வருஷத்தில் பத்து நாள் விடுமுறை. வெல்ஸே சிறுவயதில் ஜவுளிக் கடையில் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டுத் தவித்தவர். அதனால் அந்தப் பத்து நாளின் விலை அவருக்குத் தெரிந்திருக்கிறது. சைக்கிள் கற்றுக்கொள்கையில் ஹூப்டிரைவரின் கால்களில் பட்ட காயங்களை வர்ணித்துத்தான் கதையே ஆரம்பமாகிறது. லண்டனின் தெற்கு விளிம்பிலிருந்து சரே, சஸ்ஸெக்ஸ் பிரதேசங்களின் வழியே அவன் போகிற சாலையில் மேடு மேடாகவே இருக்கிறது. முழங்கால் அதை உணர்கிறது. அவன் புகழ் பெற்ற இடம் எதையும் தேடிப் போகவில்லை. கையிலுள்ள பணத்துக்கும் நாட்களுக்கும் காலிலுள்ள வலுவுக்கும் எட்டிய இடத்துக்குப் போகிறான். கதையின் காதல் பகுதி கொஞ்சம் நாடகத்தனமானது என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் சாலை பொய் சொல்லவில்லை.

மூன்றாவது, அயர்லாந்துக்காரர் டெர்வ்லா மர்ஃபி 1965-ல் வெளியிட்ட 'ஃபுல் டில்ட்'. பத்தாவது பிறந்த நாளுக்குச் சைக்கிளும் உலகப் படப் புத்தகமும் பரிசாகக் கிடைக்கின்றன. இந்தியாவுக்குச் சைக்கிளிலேயே போவது என்று அந்தச் சிறுமி முடிவு செய்துவிடுகிறாள். இருபது வருஷத்துக்குப் பிறகு, 1963-ல், போயே விடுகிறார். நெஞ்சில் ஓர் இடத்தை வைத்துக்கொண்டு வளர்ந்தவரின் தேர்வு இது. ஆனால் கனவோடு மட்டும் கிளம்பிவிடவில்லை. ஆசியாவின் சாலைகளுக்குத் தாங்காது என்று கருதி, சைக்கிளிலிருந்த கியர் அமைப்பைக் கழற்றிவிட்டே புறப்பட்டார். பாதையைத் தன் வண்டிக்கு ஏற்ப மாற்ற முடியாது, வண்டியைத்தான் பாதைக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்பதை அவர் கிளம்பும் முன்பே அறிந்திருந்தார். புத்தகம் நெடுகிலும் சாலையின் தரம், தண்ணீர், இரவில் படுக்க இடம் கொடுத்தவர்கள் ஆகியோரைப் பற்றிய கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கணக்குதான் அந்த நூலின் உயிர்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு அளவுகோல் கிடைக்கிறது. இடத்தின் புகழைச் சொல்லுகிற எழுத்தைவிட, அந்த இடத்தின் தரையைச் சொல்லுகிற எழுத்தே நம்பத் தக்கது. மலைச் சைக்கிளின் பிறப்பே இதற்குச் சாட்சி. கலிபோர்னியாவில் மரின் என்ற பகுதி. 1970-களில் அங்கே சில இளைஞர்கள் குப்பையில் கிடந்த பழைய பருத்த டயர் சைக்கிள்களை எடுத்துச் செப்பனிட்டு, தங்கள் ஊருக்கு மேலே இருந்த சரிவில் உருட்டிவிட்டார்கள். தீயணைப்பு வண்டிகளுக்காகப் போட்ட மண் பாதை அது. சுமார் இரண்டு மைலில் 1,300 அடி இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக்கிலுள்ள மசகு கொதித்துப் புகைந்துவிடும். அதைத் திரும்ப அடைக்க வேண்டும். 1976-ல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்ற பெயர் அதனால்தான் வந்தது. அந்த விளையாட்டு 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. தொடங்கி வைத்தவர்கள் எந்தச் சிறந்த இடங்களின் பட்டியலையும் பார்த்துப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த அளவுகோலை நம் எழுத்துக்குப் பிடித்துப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. தமிழில் பிரயாண இலக்கியம் இல்லாமல் இல்லை. ஏ. கே. செட்டியார் உலகம் சுற்றி எழுதினார். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவேரியைத் தொடர்ந்து போய் 'நடந்தாய் வாழி காவேரி'யை 1971-ல் தந்தார்கள். ஆனால் அதிலும் வழிகாட்டியது நதி என்பதைக் கவனிக்க வேண்டும். நதியும் கோயிலும் இல்லாத மேட்டு நிலத்தை நாம் ஜன்னலோரத்தில் கடந்து போகிறோம், எழுதுவதில்லை. சைக்கிளைப் பற்றி நம் நாட்டில் வந்த எழுத்துக்களில் முக்கியமானது என்று நான் நினைப்பது பி. சாய்நாத் தம் 1996-ம் வருஷத்துப் புத்தகத்தில் சேர்த்திருக்கும் புதுக்கோட்டைக் கட்டுரை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்ற வரலாறு அது. நம் மண் பாதையில் சைக்கிள் முதலில் வேலைக்குப் போகிற வண்டி என்பதை அது நினைவூட்டுகிறது. விடுமுறைக்காரர் பிறகு வருகிறவர்.

சரி, பட்டியலில் இல்லாத ஓர் ஊரை எடுத்துக்கொண்டு இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்ப்போம். காடாம்புலியூரை எடுத்துக்கொள்கிறேன். பண்ருட்டியிலிருந்து நெய்வேலி, வடலூர் பக்கம் போகிற பெருஞ்சாலையில் இருக்கிற ஊர். இங்கே மலை கிடையாது. கடலூரை ஒட்டிய கேப்பர் மலையை மலை என்று அழைப்பதே ஒரு மரியாதைக்காகத்தான். மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிளுக்கு என்ன வேலை? பருத்த டயர் உயரத்துக்காக ஏற்பட்டதல்ல, உதிரி மண்ணுக்காக ஏற்பட்டது என்பதே பதில். பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்ட நிலம் செம்மண் மேடு. அடியில் கிடக்கும் பாறையைப் புவியியலார் கடலூர் மணற்கல் என்று அழைக்கிறார்கள். அதற்கும் கீழே கிடைக்கும் பழுப்பு நிலக்கரிக்காகத்தான் 1956-ல் நெய்வேலி நிறுவனம் ஏற்பட்டது. மேலே முந்திரியும் பலாவும். தோப்புக்குத் தோப்பு ஒற்றையடிப் பாதையும் வண்டித் தடமும் பிரிந்து பிரிந்து போகின்றன. மழை அரித்த வாரிகளில் திடீர் இறக்கமும் உடனே ஏற்றமும் உண்டு. சைக்கிள்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

இனித் தரையின் கணக்கு. கோடையில் இந்தச் செம்மண் பொடியாகிவிடும். சக்கரம் புதையும், டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால்தான் நகரும். வடகிழக்கு மழை ஓய்ந்த தை மாதத்தில் அதே மண் இறுகிக் கெட்டித் தரையாக இருக்கும். முந்திரிக் கிளை தரையை ஒட்டித் தாழப் படர்வது; தலையைக் குனியத் தெரியாதவன் உள்ளே நுழையக் கூடாது. உதிர்ந்த சருகு வளைவில் வழுக்கும். கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். ஆகவே காலையில் கிழக்கே போய் மாலையில் மேற்கே திரும்புகிறவனுக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். மாறிப் போகிறவனுக்கு அதே காற்று மேடாகிவிடும். எந்த இணைப்பிதழும் கொடுக்காத தகவல்கள் இவை. ஆனால் அங்கே பால் கேனைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகிற எவருக்கும் தெரிந்தவை.

இதற்கும் மேலே ஒரு கணக்கு உண்டு. அந்தப் பாதை யாருடையது? முந்திரி தையில் பூத்து, பங்குனி சித்திரையில் பழம் உதிர்க்கிறது. அப்போது மரத்தடி முழுவதும் ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம் கொட்டிக் கிடக்கிறது. குத்தகைக்கு எடுத்தவர் காவல் இருப்பார். அதன் மேல் பருத்த டயரை ஏற்றிக்கொண்டு ஒருவர் பாய்ந்து போனால், அவர் இயற்கையை ரசிக்கிறவரா, நெற்களத்தில் செருப்போடு நடக்கிறவரா? கொட்டையை உடைக்கிற பெண்களுக்கு ஓட்டின் பால் பட்டுக் கை கறுத்துப் புண்ணாகிறது. அவர்கள் போகிற ஒற்றையடிப் பாதையில் மணியடித்து ஒதுங்கச் சொல்ல விடுமுறைக்காரருக்கு என்ன உரிமை?

2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையேறியது. இந்தப் பகுதியின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. ஒட்டு முந்திரி சில வருஷங்களில் காய்ப்புக்கு வந்துவிடும். ஒரு தலைமுறையின் நிழலாக நின்ற பலாவை அப்படி எழுப்ப முடியாது. இன்று அங்கே கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரிகிற இளந்தோப்புகளில் பல, அந்த இழப்பின் மேல் மறுபடி நட்டவை. வெறும் அழகான பசுமை என்று எழுதிவிட்டுப் போகிறவர் பொய் எழுதவில்லைதான். ஆனால் தாம் எதன் மேல் நிற்கிறோம் என்று பார்க்காமல் எழுதுகிறார்.

மலைக்கே போகக் கூடாது என்பது என் வாதம் அல்ல. கொல்லிமலை ஏறக் காலில் வலுவுள்ளவர் தாராளமாக ஏறட்டும். காடாம்புலியூரைப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும் என்பதும் என் ஆசை அல்ல. பட்டியலில் ஏறிய ஊர்களுக்கு என்ன நேர்கிறது என்று ஊட்டியைப் பார்த்தால் தெரியும். அவரவர் ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு மேடு இருக்கும். அதைத் தையில் பார்க்க வேண்டும், அறுவடைக் காலத்தில் விட்டு விலக வேண்டும், தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நுழைய வேண்டும். இவ்வளவையும் தெரிந்துகொள்வதற்குள் பாதி விடுமுறை போய்விடும் என்றால், அந்தப் பாதியும் விடுமுறைதான்.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது நான்கே விஷயங்கள். மண் எப்படி, காற்று எங்கிருந்து, எந்த மாதம், யாருடைய தடம். இந்த நான்கையும் விசாரித்து எழுதினால், ஊட்டியைப் பற்றியே நூற்றோராவது தடவையாக எழுதியிருந்தாலும் நான் உட்கார்ந்து படிக்கத் தயார்.